டிரான்ஸ்ஃபர் என்றால் கல்கத்தாவா, அரக்கோணமா?



ஊரப்பாக்கத்தில் இருந்து காலை மின்சார ரயிலில் காலேஜுக்குப் போகிறவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமாகத்தான் இருக்கும். ஜன்னல் ஓரத்தில் நான்கு பேர். ஒருவன் செல்சி, ஒருவன் ஆர்சனல், ஒருவன் ரியல் மாட்ரிட், நான்காவது ஆள் "நான் நம்ம சென்னையின்தான்" என்று கொஞ்சம் பரிதாபமாகச் சொல்லிக்கொள்பவன் (அது அடியேன்). ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் உருப்படியான மேட்ச் எதுவும் இருக்காது. ஆனால் சண்டை மட்டும் நிற்காது. "நேத்து பிரீ-சீசன் மேட்ச்ல மூணு கோல் டா, இந்த வருஷம் கப்பு எங்களுக்குத்தான்" என்பான் ஒருவன். "அது ஏதோ ஊர் பேர் தெரியாத டீம் கூட ஆடினது" என்பான் இன்னொருவன். உடனே பேச்சு டிரான்ஸ்ஃபருக்குத் தாவும். இவன் வரப்போகிறானாம், அவன் போகப்போகிறானாம், மெடிக்கல் டெஸ்ட் முடிந்துவிட்டதாம். எல்லாமே 'நம்பத்தகுந்த வட்டாரம்'!

ஒருநாள் இதே சண்டை போனில் எங்கள் வீட்டு வரைக்கும் வந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த தாத்தா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "எந்த டிரான்ஸ்ஃபர் டா? எங்க காலத்துல டிரான்ஸ்ஃபர்னா அரக்கோணம், ஜோலார்பேட்டைதான்."

தாத்தா தெற்கு ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இளமையில் கொஞ்சம் கால்பந்தும் ஆடியிருக்கிறார். நான் முதலில் சிரித்துவிட்டேன். பிறகு யோசித்துப் பார்த்தபோது அந்த ஒரு வரிக்குள் மெட்ராஸ் கால்பந்தின் பாதி வரலாறு இருக்கிறது என்று தோன்றியது. அதைத் தேடிப் படித்ததன் விளைவுதான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

விற்கப்படும் மனிதர்கள்

முதலில் டிரான்ஸ்ஃபர் என்ற விஷயம் எங்கே ஆரம்பித்தது என்று பார்த்துவிடுவோம்.

இங்கிலாந்தில் 1893ல் ஒரு விதி கொண்டு வந்தார்கள். ஒரு கிளப்பில் பெயரைப் பதிந்த ஆட்டக்காரர், ஒப்பந்தம் முடிந்த பிறகும் அந்த கிளப்பின் சம்மதம் இல்லாமல் வேறு கிளப்புக்கு ஆட முடியாது. சம்மதம் வேண்டுமென்றால் புதிய கிளப் பணம் கொடுக்க வேண்டும். இதுதான் டிரான்ஸ்ஃபர் தொகையின் பிறப்பு. 1905ல் ஆல்ஃப் காமன் என்பவரை சண்டர்லாந்திடம் இருந்து மிடில்ஸ்பரோ 1000 பவுண்டு கொடுத்து வாங்கியபோது, மனிதனுக்கு இவ்வளவு விலையா என்று ஊரே வாயைப் பிளந்தது. 2017ல் நெய்மாருக்கு பாரிஸ் கிளப் கொடுத்தது 22.2 கோடி யூரோ. அந்த 1000 பவுண்டுக்காரர் இதைப் பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்தப் பணம் கிளப்புகளுக்குள்தான் கைமாறியது. ஆட்டக்காரருக்கு 1901 முதல் வாரத்துக்கு 4 பவுண்டுக்கு மேல் சம்பளம் கொடுக்கக்கூடாது என்று உச்சவரம்பே வைத்திருந்தார்கள். தொகை அவ்வப்போது உயர்ந்தாலும் வரம்பு என்ற ஒன்று 1961 வரை இருந்தது. ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் என்ற வீரர் நியூகாசில் கிளப்பை எதிர்த்து வழக்குப் போட்டு, 1963ல் 'இப்படிப் பிடித்து வைத்துக்கொள்வது நியாயமில்லை' என்ற தீர்ப்பை வாங்கினார். பிறகு பெல்ஜியத்தின் போஸ்மான். இவர் வழக்கில் 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன பிறகுதான், ஒப்பந்தம் முடிந்த வீரர் பணம் எதுவும் கட்டாமல் சுதந்திரமாகப் போகலாம் என்ற நிலை வந்தது.

ஆக, நாம் ரயிலில் உட்கார்ந்து ஜாலியாகப் பேசும் டிரான்ஸ்ஃபருக்குப் பின்னால் 'நான் யாருக்காக வேலை செய்வது என்பதை யார் முடிவு செய்வது?' என்ற ஒரு கேள்வி நூறு வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. சரி, இது இங்கிலாந்துக் கதை. நம் ஊருக்கு வருவோம்.

கல்கத்தாவின் பஞ்ச பாண்டவர்கள்

டிரான்ஸ்ஃபர் பரபரப்பு நமக்கு டிவியில் வந்தது என்று நினைப்பவர்கள் கல்கத்தாவைப் பார்க்க வேண்டும். மோகன் பகான் 1889ல் தொடங்கப்பட்டது. ஈஸ்ட் பெங்கால் 1920ல் பிறந்ததே ஒரு டீம் செலக்‌ஷன் சண்டையில்தான். ஜோராபகான் என்ற கிளப், மோகன் பகானுக்கு எதிரான ஆட்டத்தில் சைலேஷ் போஸ் என்ற வீரரை உட்கார வைத்தது. அதில் கோபப்பட்டு அந்த கிளப்பின் துணைத்தலைவர் சுரேஷ் சந்திர சௌத்ரி வெளியேறி, தானே ஒரு கிளப் ஆரம்பித்தார். "என் ஆளை ஏன் ஆட வைக்கவில்லை?" என்று நாம் தினமும் கத்துகிறோம். அவர் அதற்காக ஒரு கிளப்பையே தொடங்கிவிட்டார்!

அந்த ஈஸ்ட் பெங்காலின் பொற்காலம் என்று இன்றும் வங்காளிகள் சொல்வது 1949 முதல் 1953 வரையிலான வருடங்களை. முன்வரிசையில் ஐந்து பேர். வெங்கடேஷ், அப்பாராவ், தனராஜ், அகமது கான், சாலே. 'பஞ்ச பாண்டவர்' என்று பெயர். பெயர்களைப் பார்த்தாலே தெரிந்திருக்கும், ஐவரில் ஒருவர்கூட வங்காளி கிடையாது. எல்லோரும் தென்னிந்தியர்கள். அகமது கான் பெங்களூர்க்காரர், 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஆடியவர். இந்த ஐவரைச் சேர்த்ததில் கிளப் செயலாளர் ஜோதிஷ் குஹாவின் கை பெரியது.

இந்த ஐவர் அணி 1949, 1950, 1951 என்று மூன்று வருடம் தொடர்ந்து ஐ.எஃப்.ஏ. ஷீல்டை வென்றது. 1949, 1950, 1952ல் கல்கத்தா லீகையும் வென்றது.

இதில் என்னை உறைய வைத்த விஷயம் வேறு. அது பிரிவினை முடிந்த காலம். கிழக்கு வங்காளத்தில் வீடு வாசலை விட்டுவிட்டு லட்சக்கணக்கான மக்கள் கல்கத்தாவுக்கு அகதிகளாக வந்திருந்தார்கள். அவர்களுக்கு இழந்த ஊரின் பெயர் மிச்சம் இருந்தது அந்த ஒரு கிளப்பில்தான். அந்தப் பெயரைத் தூக்கி நிறுத்தியவர்கள், வங்காள மண்ணில் பிறக்காத இந்த ஐந்து பேர்! ஊரை இழந்தவர்களுக்காக, வேற்றூர்க்காரர்கள் ஆடி ஜெயித்திருக்கிறார்கள். "லோக்கல் பையன் ஆடினால்தான் நம்ம டீம்" என்று வாதம் செய்யும் நண்பர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

மூன்று வீட்டுக்கும் வேண்டிய கோலி

அடுத்து பீட்டர் தங்கராஜ். பிறந்தது ஹைதராபாத்தில். ராணுவத்தில் சேர்ந்து, நீலகிரி வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணியில் ஆடினார். அந்த அணி 1955லும் 1958லும் டூரண்ட் கோப்பையை வென்றது. டூரண்ட் என்றால் சும்மா இல்லை, 1888ல் சிம்லாவில் ஆரம்பித்த போட்டி. ஆசியாவிலேயே மிகப் பழையது.

தங்கராஜ் 1956, 1960 இரண்டு ஒலிம்பிக் அணிகளிலும் இருந்தார். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியிலும் அவர் உண்டு. ராணுவத்தை விட்டு வந்ததும் கல்கத்தா அவரைக் கொத்திக்கொண்டது. முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்று மூன்று பெரிய கிளப்புகளுக்கும் ஆடினார். ஒருவரை ஒருவர் முறைத்துக்கொள்ளும் மூன்று வீட்டிலும் கைநனைத்தவர் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அப்போது இணையமும் இல்லை, டிவியும் இல்லை. ஆனால் ஒவ்வொரு முறை அவர் கிளப் மாறியபோதும் கல்கத்தா டீக்கடைகள் எப்படிக் கொதித்திருக்கும் என்று கற்பனை செய்து பாருங்கள்.

ஆளைக் கடத்து, டோக்கனைப் பிடி

கல்கத்தாவில் லீக் தொடங்கும் முன்பு கட்சி மாறும் சில நாட்களுக்குத் தனிப் பெயரே உண்டு. 'தல்பதல்'. நம் எம்.எல்.ஏ.க்கள் அணி தாவுவதற்கும் அவர்கள் இதே வார்த்தையைத்தான் பயன்படுத்துகிறார்கள் :-) வீரர் ஐ.எஃப்.ஏ. அலுவலகத்துக்கு நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு முந்தைய சில நாட்கள் முழுக்க சினிமாதான். வீரரை எதிர் கிளப் ஆட்கள் தூக்கிவிடக் கூடாது என்பதற்காக யாராவது ஒரு ரசிகர் வீட்டிலோ, ஊர் தள்ளி ஒரு ஹோட்டலிலோ காவல் போட்டு வைத்திருப்பார்கள். கையெழுத்து நாளில் கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டு நிற்கும். பிற்காலத்தில் 'டோக்கன்' என்ற ஒன்று வந்தது. எந்த கிளப் கையில் டோக்கனோ அந்த கிளப்புக்கே ஆள். நம்ம கூவத்தூர் கதையை 2017ல் பார்த்து இந்தியாவே ஆச்சரியப்பட்டது. கல்கத்தா கால்பந்து ரசிகர்கள் நிச்சயம் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள்.

இந்த வேலையில் கில்லாடிகள் ஈஸ்ட் பெங்காலின் ஜீபன் சக்ரவர்த்தி, பல்டு தாஸ் ஜோடி. 'ஜீபன்-பல்டு' என்று சேர்த்தே சொல்வார்கள். 1985ல் மோகன் பகானின் கிருஷானு தே, பிகாஷ் பாஞ்சி இருவரும் ஒன்றாக ஈஸ்ட் பெங்காலுக்குப் போனது அந்த ஊரில் பல வருடம் பேசப்பட்ட சங்கதி. பதிலுக்கு மோகன் பகான் 1991ல் ஒரு காரியம் செய்தது. வெளிநாட்டு வீரர்களைச் சேர்ப்பதில்லை என்று அதுவரை காத்து வந்த வழக்கத்தை விட்டுவிட்டு, ஈஸ்ட் பெங்காலுக்காக கோல்களாக அடித்துக்கொண்டிருந்த நைஜீரியரான சீமா ஒகோரியைத் தன் பக்கம் இழுத்தது. நூறு வருட வழக்கம் ஒரு டிரான்ஸ்ஃபரில் காலி!

மெட்ராஸில் ஏன் இந்தச் சத்தம் இல்லை?

இப்போது தாத்தாவின் அரக்கோணத்துக்கு வருவோம்.

மெட்ராஸிலும் லீக் இருந்தது, நல்ல ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். வியாசர்பாடி, பெரம்பூர் பக்கம் இன்றைக்கும் தெருவுக்குத் தெரு கால்பந்துதான். ஆனால் இங்கே பெரிய அணிகள் என்றால் ரசிகர் கிளப்புகள் இல்லை, ஆபீஸ்கள். இந்தியன் வங்கி, ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, கஸ்டம்ஸ், ரிசர்வ் வங்கி, வருமான வரி, ஏ.ஜி. ஆபீஸ். நன்றாக ஆடினால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை. காலையில் பிராக்டிஸ், பிறகு ஆபீஸ், சாயங்காலம் மேட்ச். கால் ஓய்ந்த பிறகும் நாற்காலி இருக்கும். 58 வயதிலோ 60 வயதிலோ மாலை போட்டு அனுப்புவார்கள். மாதம் பிறந்தால் பென்ஷன்.

இந்த ஏற்பாட்டில் டிரான்ஸ்ஃபர் வதந்திக்கு வழியே இல்லை. பேங்கில் வேலை பார்ப்பவர் அந்த பேங்குக்குத்தானே ஆடுவார்? ரசிகனுக்கும் அதே கதைதான். ஏ.ஜி. ஆபீஸ் தோற்றால் யார் அழப்போகிறார்கள்? ஏ.ஜி. ஆபீஸில் வேலை பார்ப்பவரே அழ மாட்டார் :-)

தாத்தாவிடம் கேட்டேன், "உங்க கூட ஆடினவங்க யாருக்காவது கல்கத்தால இருந்து அழைப்பு வந்துச்சா தாத்தா?"

"ஒருத்தனுக்கு வந்துச்சு. நல்ல லெஃப்ட் விங்கர். ஒரு சீசனுக்கு மொத்தமா பணம் தர்றேன்னாங்க. இவனுக்கு அப்பத்தான் ரயில்வேல வேலை நிரந்தரமாச்சு. அவங்கம்மா விடல."

"வருத்தப்பட்டாரா?"

தாத்தா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சொன்னார்: "போனவன் பேர் வாங்கினான். போகாதவன் பென்ஷன் வாங்கினான். ரெண்டையும் வாங்கினவன் யாருடா?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை என்றுதான் நினைத்தேன். பிறகு ஒருவர் ஞாபகம் வந்தது. ஐ.எம்.விஜயன். திருச்சூர் ஸ்டேடியத்தில் சோடா விற்ற பையன். கேரள போலீஸ் அணியில் சேர்ந்து வேலையும் கிடைத்தது. 1991ல் மோகன் பகானுக்குப் போனார். திரும்பி போலீஸுக்கே வந்தார். மறுபடி கல்கத்தா போனார். பிறகு பஞ்சாபின் ஜே.சி.டி., கொச்சியின் எஃப்.சி.கொச்சின் என்று ஒரு சுற்று சுற்றினார். கடைசியில் போலீஸ் வேலைக்கே திரும்பி, 2025 ஏப்ரலில் ஓய்வு பெற்றார். அதே வருடம் பத்மஸ்ரீயும் வந்தது. பெயரும் வாங்கி பென்ஷனும் வாங்கியவர்! தாத்தாவிடம் சொன்னேன். "அது விஜயன் டா, எல்லாரும் விஜயனா?" என்று முடித்துவிட்டார்.

தமிழ்நாட்டிலும் துணிந்து போனவர்கள் உண்டு. ராமன் விஜயன் ஈஸ்ட் பெங்காலுக்கு ஆடினார். 1997-98 தேசிய லீகில் எஃப்.சி.கொச்சினுக்காக 10 கோல் அடித்து, அந்த சீசனில் அதிக கோல் அடித்தவர் என்ற பெயரையும் எடுத்தார். கூலித்தொழிலாளி மகனோ, குமாஸ்தா மகனோ, ஊரை விட்டுப் போய் மொழி தெரியாத ஊரில் 50 ஆயிரம் பேர் முன்னால் ஆடுவது சின்ன விஷயம் இல்லை. இன்னொரு பக்கம் சையது சபீர் பாஷா. இந்தியன் வங்கிக்கு ஆடி, அதே அணிக்குப் பயிற்சியாளராகி, பின்னாளில் சென்னையின் அணியின் உதவிப் பயிற்சியாளர் ஆனவர். இங்கேயே இருந்து ஆட்டத்தை வளர்த்தவர்களும் உண்டு என்பதற்காகச் சொல்கிறேன்.

நமக்கும் ஒரு டீம் வந்தது

2014ல் ஐ.எஸ்.எல். வந்தது. சென்னையின் எஃப்.சி. வந்தது. முதல்முறையாக நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய, எந்த ஆபீஸுக்கும் சொந்தமில்லாத ஒரு பெரிய அணி. 'சூப்பர் மச்சான்ஸ்', 'பி ஸ்டாண்ட் ப்ளூஸ்' என்று ரசிகர் படைகளும் உருவாகின.

2015 ஜூலையில் ஐ.எஸ்.எல். வீரர்களை ஏலம் விட்டார்கள். சுனில் சேத்ரியை மும்பை 1.2 கோடிக்கு எடுத்தது. கால்பந்து வீரனுக்கும் கோடியா என்று அன்று பலரும் பேசினார்கள். அதே வருடம் டிசம்பரில்தான் அந்தப் பெருவெள்ளம். ஊரப்பாக்கத்தில் எங்கள் தெருவில் முட்டி அளவு தண்ணீர். கரண்ட் இல்லை. நான் அப்போது சின்னப் பையன். வெள்ளத்தால் நேரு ஸ்டேடியத்தில் நடக்க வேண்டிய அரையிறுதியைப் புனேவுக்கு மாற்றிவிட்டார்கள். சொந்த மைதானமே இல்லாமல் ஆடிய சென்னையின், கொல்கத்தாவை 3-0 என்று அடித்தது. டிசம்பர் 20 அன்று கோவாவை அவர்கள் மண்ணிலேயே 3-2 என்று வென்று கோப்பையைத் தூக்கியது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம் எனக்கு. 2018 மார்ச்சில் பெங்களூரில் மறுபடி 3-2, மறுபடி கோப்பை.

இந்த இடத்தில் பிரீ-சீசன் பற்றி ஒரு வார்த்தை. 2018 ஜூலையில் கொச்சியில் கேரளா பிளாஸ்டர்ஸ் பிரீ-சீசன் ஆடியது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் சிட்டியிடம் 0-6, ஸ்பெயினின் ஜிரோனாவிடம் 0-5. எங்கள் ஆட்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். "இந்த வருஷம் கேரளா காலி, நம்ம கப்பு உறுதி" என்றார்கள். என்ன ஆச்சு? அந்த சீசனில் கேரளா 9வது இடம். நடப்பு சாம்பியனான சென்னையின் 10வது, அதாவது கடைசி!

எதிர்ப்பக்கமும் ஒரு உதாரணம் உண்டு. 1977 செப்டம்பர் 24ல் பெலே ஆடிய நியூயார்க் காஸ்மாஸ் அணியோடு ஈடன் கார்டனில் மோகன் பகான் ஒரு நட்பு ஆட்டம் ஆடி 2-2 என்று டிரா செய்தது. அந்த வருடம் அதே மோகன் பகான் ஷீல்டு, டூரண்ட், ரோவர்ஸ் மூன்றையும் அள்ளியது. ஆக நட்பு ஆட்டத்தை வைத்து எதையும் நிரூபிக்கலாம், அதாவது எதையும் நிரூபிக்க முடியாது. ரயிலில் சண்டை போடுபவர்கள் கவனிக்க.

2023: ஒருவர் போனார், ஒருவர் வென்றார்

சென்னையின் ரசிகர்களுக்கு டிரான்ஸ்ஃபர் என்ற வார்த்தை கசந்தது 2023 கோடையில். 2016 முதல் நம்மோடு இருந்து, இங்கேயே வளர்ந்து கேப்டனான அனிருத் தாபாவை மோகன் பகான் வாங்கியது. தொகை சுமார் 3 கோடி என்று செய்திகள் வந்தன. வாரக்கணக்கில் வதந்தி ஓடியது. "சும்மா சொல்றாங்க டா, போக மாட்டான்" என்று நான் ரயிலில் அடித்துச் சொன்னேன். போய்விட்டார். ஒரு வாரம் நண்பர்கள் பக்கம் போகாமல் வேறு பெட்டியில் ஏறினேன்.

அதே கோடையில் இன்னொரு டிரான்ஸ்ஃபர் சத்தமில்லாமல் நடந்தது. சென்னைப் பையன் நந்தகுமார் சேகர் ஒடிசாவில் இருந்து ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். 2023 ஆகஸ்ட் 12, டூரண்ட் கோப்பையில் கொல்கத்தா டெர்பி. இப்போதெல்லாம் டூரண்ட் என்பது ஐ.எஸ்.எல். சீசனுக்கு முந்தைய வார்ம்-அப் மாதிரி ஆகிவிட்டது. ஆனால் டெர்பிக்கு வார்ம்-அப் கிடையாது. ஈஸ்ட் பெங்கால் அதற்கு முன் தொடர்ச்சியாக எட்டு டெர்பிகளில் தோற்றிருந்தது. எதிரே, தாபாவையும் சேர்த்துப் பணத்தைக் கொட்டி வாங்கிய மோகன் பகான். 60வது நிமிடத்தில் நந்தகுமார் வலது பக்கம் இருந்து உள்ளே வெட்டி வந்து, இடது காலால் வளைத்து அடித்தார். ஒரே கோல். 1-0. நான்கு வருட அவமானம் தீர்ந்தது என்று கொல்கத்தாவில் பாதி ஊர் அழுதது.

பஞ்ச பாண்டவர்கள் ஆடி முடித்து 70 வருடம் கழித்து, மறுபடியும் ஒரு தெற்கத்திக்காரர் பெயரை ஈஸ்ட் பெங்கால் கேலரி கத்தியது. வரலாறு படிப்பவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

வதந்தி நின்ற வருடம்

இந்தக் கட்டுரையை இங்கேயே சந்தோஷமாக முடித்திருக்கலாம். ஆனால் 2025 என்று ஒரு வருடம் வந்தது.

ஐ.எஸ்.எல்.லை நடத்தும் நிறுவனத்துக்கும் இந்தியக் கால்பந்து சம்மேளனத்துக்கும் 2010ல் போட்ட 15 வருட ஒப்பந்தம் 2025 டிசம்பரோடு முடிவதாக இருந்தது. புதுப்பிப்பது பற்றி முடிவு வரவில்லை. ஜூலை 11 அன்று, அடுத்த சீசனை நிறுத்தி வைப்பதாக அறிவித்துவிட்டார்கள். அந்த வருட டூரண்டுக்கு ஐ.எஸ்.எல். கிளப்புகளில் ஆறு மட்டுமே வந்தன. நம் அணி இல்லை. ஆகஸ்டில் சென்னையின் தன் செயல்பாடுகளைத் தற்காலிகமாக நிறுத்தியது. பெங்களூர் அணி சம்பளத்தை நிறுத்தி வைத்தது. அக்டோபரில் கோவாவில் சூப்பர் கோப்பை நடந்து கொஞ்சம் மூச்சு விட்டோம். ஆனால் லீகை நடத்த யார் வருகிறீர்கள் என்று கேட்டு விட்ட டெண்டருக்கு, நவம்பர் கெடு முடியும்வரை ஒரு விண்ணப்பம்கூட வரவில்லை. 2026 ஜனவரி தொடக்கத்தில் சேத்ரி உள்ளிட்ட வீரர்களே வீடியோவில் வந்து, எங்கள் ஆட்டத்தைக் காப்பாற்றுங்கள் என்று ஃபிஃபாவிடம் கெஞ்ச வேண்டி வந்தது. அதற்குப் பிறகுதான் மத்திய விளையாட்டு அமைச்சர் தலையிட்டு, பிப்ரவரி 14 முதல் 14 அணிகளோடு ஒற்றைச் சுற்றாக லீக் நடக்கும் என்று அறிவித்தார்.

அந்த 2025 ஜூலை, ஆகஸ்டில் ரயிலில் என்ன நடந்தது தெரியுமா? மற்ற மூவரும் வழக்கம்போல அடித்துக்கொண்டார்கள். நான் ஜன்னல் வழியே வண்டலூர் மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன். "உன் டீம்ல யார்டா வர்றாங்க?" என்று ஒருவன் கிண்டலுக்குக் கேட்டான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு அவனே பேச்சை மாற்றினான். தாபா போனபோது வந்தது கோபம். இது வேறு. போவதற்கும் ஆள் இல்லை, வருவதற்கும் ஆள் இல்லை. வதந்திகூட இல்லை.

அப்போதுதான் ஒன்று புரிந்தது. டிரான்ஸ்ஃபர் வதந்தி என்பது வெட்டிப் பேச்சுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு ஆட்டக்காரனைப் பற்றி வதந்தி வருகிறது என்றால், எங்கோ யாருக்கோ அவன் வேண்டும் என்று அர்த்தம். ஒரு ஊரில் வதந்தி ஓடுகிறது என்றால் அங்கே அடுத்த சீசன் உண்டு என்று எல்லோரும் நம்புகிறார்கள் என்று அர்த்தம்.

தாத்தா சொன்ன கணக்கும் அந்த வருடம் எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. போனவன் பேர் வாங்கினான், போகாதவன் பென்ஷன் வாங்கினான். ஆனால் ஆபீஸ் வேலையை நம்பாமல், ஆட்டத்தையே தொழிலாக நம்பி வந்த இன்றைய பையன்களுக்கு? வியாசர்பாடியில் இருந்தோ, கன்னியாகுமரிக் கடற்கரைக் கிராமத்தில் இருந்தோ புறப்பட்டு வந்தவனுக்கு 27 வயதில் "இந்த வருடம் சீசன் இல்லை" என்றால், அவன் எங்கே போவான்? ஆட்டக்காரனுக்கு நல்ல வருடங்கள் மொத்தமே பத்துதான். அதில் ஒன்றைத் தூக்கி எறிந்தால் யார் திருப்பித் தருவார்கள்? ஈஸ்ட்ஹாமும் போஸ்மானும் 'நான் விரும்பும் இடத்துக்குப் போகும் உரிமை' கேட்டுக் கோர்ட்டுக்குப் போனார்கள். நம் ஆட்கள் கேட்டது அதைவிடச் சின்னது. ஆடுவதற்கு ஒரு லீக்.

மெட்ராஸ் ஆபீஸ் அணிகளை நான் இந்தக் கட்டுரையில் கொஞ்சம் கிண்டல் செய்தேன். வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அந்த அணிகள் ரசிகனுக்கு ஒன்றும் தரவில்லை. ஆட்டக்காரனின் குடும்பத்துக்குச் சோறு போட்டன. இன்றைய கிளப்புகள் ரசிகனுக்கு எல்லாம் தருகின்றன. ஆட்டக்காரனுக்கும் அந்த நிம்மதியைக் கொஞ்சமாவது தர வழி கண்டுபிடித்தால்தான் இந்த ஆட்டம் இங்கே நிலைக்கும் என்பது என் கருத்து. தவறாக இருந்தால் திருத்துங்கள்.

லீக் தேதி அறிவித்த அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் தாத்தாவிடம் சொன்னேன். "அப்ப இனிமே உன் ஆளுங்களுக்கு டிரான்ஸ்ஃபர் உண்டா?" என்றார்.

"உண்டு தாத்தா."

"நல்ல இடத்துக்குப் போகட்டும். அரக்கோணம் வேணாம்" என்று சொல்லிவிட்டு மறுபடி பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

அடுத்த நாள் காலை ரயிலில் ஏறி உட்கார்ந்ததும் நான்தான் முதலில் ஆரம்பித்தேன். "டேய், நம்பத்தகுந்த வட்டாரத்துல இருந்து ஒரு நியூஸ்..."

மூவரும் சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார்கள்.